கப்பல் பட்டறைத் தொழிலாளி ஊர் திரும்பும்போது கையில் இருக்க வேண்டிய தாள்: நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகளின் நிர்வாகத்தினருக்கும், அங்கே ஆளமர்த்தும் துணை ஒப்பந்த நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

கப்பல் பட்டறைகளில் காற்றையும் ஒலியையும் வெப்பத்தையும் அளந்து, அவை தொழிலாளரின் உடலுக்குத் தீங்கு செய்யும் அளவை எட்டுகின்றனவா என்று கண்டு சொல்லும் தொழில்சார் சுகாதார வல்லுநர்களில் நானும் ஒருவன். துவாஸிலும் ஜூரோங்கிலும் விபத்துகளைத் தடுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளோடு எங்களையும் சேர்த்துத் தொழிலாளர்கள் "சேஃப்டி சார்" என்றே அழைக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால், சாரத்திலிருந்து விழுந்தவரின் காயம் அன்றைக்கே தெரிந்துவிடும். நாங்கள் தேடும் காயம் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் காயம்பட்டவர் உங்கள் பட்டறையிலும் இருக்க மாட்டார், இந்த நாட்டிலும் இருக்க மாட்டார்.

அதனால்தான் இந்த மடல். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஒரு தொழிலாளி வேலை அனுமதி முடிந்து ஊர் திரும்பும்போதோ வேறு நிறுவனத்துக்கு மாறும்போதோ, உங்களிடம் இருந்த காலத்தில் அவர் எந்தப் புகையை, எந்தத் தூசியைச் சுவாசித்தார், எவ்வளவு ஒலியில் நின்றார், அளந்தபோது என்ன அளவு வந்தது, அவருக்குச் செய்த மருத்துவச் சோதனைகளின் முடிவு என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அவருக்குப் புரியும் மொழியிலும் ஆங்கிலத்திலும் அவர் கையிலேயே கொடுங்கள்.

இப்போது நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கப்பலின் தொட்டிக்குள் வெல்டிங் செய்பவர் ஒருவரின் இடுப்புப் பட்டையில் சிறிய பம்பு ஒன்றை மாட்டி, அதிலிருந்து ஒரு குழாயை முதுகுப்புறமாக மேலே கொண்டுவந்து, வடிதாள் வைத்த சிறு கூடு ஒன்றை அவருடைய வெல்டிங் முகக்கவசத்தின் உட்புறம் வருமாறு பொருத்துவோம். கவசத்துக்கு வெளியே வைத்தால், அவர் உண்மையில் சுவாசிக்காத காற்றை அளந்தவர்களாவோம். நிமிடத்துக்குச் சுமார் இரண்டு லிட்டர் வீதம் வேலைநேரம் முழுவதும் காற்றை இழுத்த பிறகு அந்தக் கூட்டைத் திறந்தால், காலையில் வெள்ளையாக இருந்த தாள் பழுப்பேறியோ கறுத்தோ இருக்கும். அதை அவரும் எட்டிப் பார்ப்பார். "ரிசல்ட் எப்போ சார் வரும்?" என்று கேட்பார். ஆய்வுக்கூடம் அந்தத் தாளை மைக்ரோகிராம் துல்லியத்தில் எடைபோட்டு, அதிலுள்ள இரும்பு, மாங்கனீசு, குரோமியம் ஆகியவற்றைப் பிரித்துச் சொல்லும். அறிக்கை முதன்மைப் பட்டறையின் அலுவலகத்துக்குப் போகும். அதில் கப்பலின் பெயர் இருக்கும், தொட்டியின் எண் இருக்கும், "வெல்டர், துணை ஒப்பந்தம்" என்று இருக்கும். கேட்ட மனிதரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அறிக்கை அவரை எட்டாது. சில மாதங்களில் கப்பல் போய்விடும், அடுத்த ஆண்டு துணை ஒப்பந்த நிறுவனம் மாறிவிடும், கோப்பு அலமாரியில் இருக்கும்.

எங்கள் துறையின் வரலாற்றில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் பட்டறைகளில் போர்க்கப்பல்களின் நீராவிக் குழாய்களுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறை போர்த்தும் வேலையைச் செய்த 1,074 பேரை ஒரு குழு பரிசோதித்தது. அந்தக் குழுவில் ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிலிப் டிரிங்கரும் இருந்தார். இளம்பிள்ளைவாதத்தால் மூச்சு நின்றுபோனவர்களைப் பிழைக்க வைத்த "இரும்பு நுரையீரல்" கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். திறமையிலும் நல்லெண்ணத்திலும் குறை சொல்ல முடியாத மனிதர். 1946இல் வெளிவந்த அந்த ஆய்வு, கல்நார்த் தூசியால் வரும் நுரையீரல் நோய் மூன்று பேருக்கு மட்டுமே இருப்பதாகக் கண்டு, இந்த வேலை ஓரளவு பாதுகாப்பானதே என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் பரிசோதிக்கப்பட்டவர்களில் 95 விழுக்காட்டினர் அந்தத் தொழிலுக்கு வந்து பத்தாண்டுகூட ஆகாதவர்கள். நோய் கண்ட மூவருமோ இருபதாண்டுக்கு மேல் அதைச் செய்தவர்கள். கணக்கு அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. அது சொல்லும் பொருளை எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. 1964இல் இர்விங் செலிகாஃபும் அவருடைய தோழர்களும் நியூயார்க் வட்டாரத்துக் கல்நார்த் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டபோது உலகம் அதிர்ந்தது. அவர்களால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களின் பெயரையும் சேர்ந்த ஆண்டையும் பல பத்தாண்டுகளாகப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்ததுதான்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, நம் பட்டறைகளில் இன்று இருப்பவர்களைப் பாருங்கள். ஐந்து, ஆறு ஆண்டுகள் வேலை செய்து திரும்பிவிடும் இளைஞர்கள் நிறைந்த ஓரிடத்தில் எப்போது பரிசோதித்தாலும் எல்லாரும் நலமாகத்தான் இருப்பார்கள். "எங்கள் பட்டறையில் தொழில்நோய் ஒன்றுகூட இல்லை" என்று ஆண்டறிக்கையில் படிக்கும்போது எனக்கு அந்த 1946ஆம் ஆண்டுக் கட்டுரைதான் நினைவுக்கு வருகிறது. நோய் வந்திருந்தால் அது புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ திருவாரூரிலோ வங்கதேசத்தின் ஏதாவது ஒரு கிராமத்திலோ வந்திருக்கும். அதை உங்கள் கணக்கில் சேர்க்க உங்களுக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை.

பட்டறைகள் பாடம் கற்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1978 அக்டோபர் 12ஆம் நாள் ஜூரோங்கில் ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டார்கள். எண்ணெய்க் கப்பலில் தீவேலை, அதாவது வெல்டிங் போல நெருப்பும் பொறியும் எழும் வேலை, செய்வதற்கான நடைமுறைகள் அதன் பிறகு இறுகின. இன்று அடைபட்ட இடம் எதற்குள்ளும் காற்றைச் சோதிக்காமல், அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, உயிர்வளி (ஆக்சிஜன்) 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், எரிவாயு, வெடிப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச அளவில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இவை உயிர்களைக் காத்திருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும், காலை எட்டு மணிக்குத் தொட்டி வாயிலில் மாட்டப்படும் "கேஸ் செக்" சீட்டு, இறங்கியவுடன் சாக மாட்டீர்கள் என்று மட்டுமே சொல்கிறது. பத்து மணிக்கு ஆறு பேர் உள்ளே வெல்டிங் செய்யும்போது எழும் புகையை அந்தக் கருவி பார்ப்பதில்லை. உயிர்வளி சரியாகத்தான் காட்டும். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017இல் அதை முதல் பிரிவில் வைத்தது. அதே பிரிவில்தான் கல்நாரும் புகையிலைப் புகையும் இருக்கின்றன. இந்தச் செய்தி எத்தனை வெல்டர்களின் காதுக்கு எட்டியிருக்கிறது என்று உங்கள் பட்டறையில் வேலைக்கு முன் நடக்கும் ஒரு டூல்பாக்ஸ் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

மணல்வீச்சு, அதாவது பிளாஸ்டிங் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தொழிலாளர் பேச்சில் "மணல்" என்று சொன்னாலும், கப்பலின் மேலோட்டைச் சுரண்ட நம் பட்டறைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது பெரும்பாலும் தாமிரக் கசடு. மணலில் உள்ள, நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காவைவிட அது மேல் என்பதால் அந்த மாற்றம் வந்தது. ஆனால் தாமிரம் உருக்கும் ஆலையின் கழிவில் ஆர்சனிக், ஈயம், பெரிலியம் போன்றவை சிறு அளவில் தங்கியிருக்கக்கூடும். சுரண்டப்படும் பழைய பூச்சில் ஈயமோ குரோமேட்டோ இருக்கலாம். கசடு உடைந்து நொறுங்கும்போது எழும் தூசி இவை எல்லாம் கலந்த கலவை. வீசுகிறவருக்குத் தலைக்கவசத்துக்குள் தனிக் குழாயில் காற்று வருகிறது. அவர் காலடியில் குழாயை இழுத்துக் கொடுக்கும் உதவியாளரைப் பாருங்கள். வீச்சு முடிந்த பின் கசடைக் கூட்டி அள்ளும் குழுவைப் பாருங்கள். பழைய டி-சட்டையைக் கிழித்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டியிருப்பவர்கள் அவர்கள். எங்கள் அளவைகளில் தலைக்கவசக்காரரைவிட இந்தத் துப்புரவுக்காரரின் எண் என்னைக் கலங்கச் செய்வதுண்டு.

ஒருவரின் வேலை இன்னொருவரின் நுரையீரலுக்குள் போவது கப்பலில் புதிதல்ல. பிரிட்டனின் டெவன்போர்ட் கடற்படைப் பட்டறையில் 1960களில் பீட்டர் ஹாரீஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தபோது, கல்நாரால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், உறை போர்த்தும் தொழிலைச் செய்யாத மற்றவர்களிடமும் வெளிப்படக் கண்டார். எஃகு அறைகளுக்குள் எல்லாத் தொழிலும் ஒரே நேரத்தில் நடக்கும் இடத்தில் தொழிலின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ஆகவே நான் கேட்கும் தாளில் "பதவி: பொதுத் தொழிலாளி" என்று மட்டும் எழுதித் தந்தால் பயனில்லை. அவர் எந்த இடத்தில் நின்றார், பக்கத்தில் என்ன வேலை நடந்தது என்பதும் வர வேண்டும். கல்நாரே கூட முற்றிலும் பழங்கதை ஆகிவிடவில்லை. கப்பல்களில் புதிதாக அதைப் பொருத்துவது 2011 ஜனவரி முதல் உலகளவில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டிருந்தாலும், பழுதுபார்க்க வரும் பழைய கப்பலின் இயந்திர அறையில் அது இன்னும் இருக்கக்கூடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது ஒலியின் வரம்பு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும் என்பதால், 100 டெசிபலில் கால்மணி நேரத்தில் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. எஃகுத் தொட்டிக்குள் கிரைண்டர் ஓடும்போது 100 என்பது அரிதான எண் அல்ல. கிரைண்டரின் அதிர்வால் கைவிரல் நரம்புகள் கெடும்போது, குளிர்நாடுகளில் விரல் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். நம் வெயிலில் அந்த அடையாளம் தென்படாமல், மரத்துப்போதலாக மட்டுமே இருந்து, "ராத்திரி கை மரத்துப்போகுது" என்ற சாதாரணப் புகாராக முடிந்துவிடும். பாலியூரித்தேன் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளால் ஆஸ்துமா வந்த ஒருவருக்குப் பிறகு மிகச் சிறிய அளவுகூட ஆகாது. அவர் ஊரில் போய் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்வதற்கு முன் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பின் நடப்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் அவர் முதலில் போவது அரசு மருத்துவமனைக்கு. மார்பு ஊடுகதிர்ப் படத்தில் நிழல்கள் தெரியும். காசநோய் மிகுந்த நாட்டில் அந்த நிழலைக் காணும் மருத்துவர் காசநோய் என்று ஐயுறுவது இயல்பு. தூசியால் வரும் சிலிக்கோசிஸைக் காசநோய் என்று எண்ணிச் சிகிச்சை தருவது இந்தியத் தொழில்மருத்துவத்தில் பழைய, நன்கு அறியப்பட்ட தொல்லை. சிலிக்கா தூசி படிந்த நுரையீரலுக்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்பார்கள். "வெளிநாட்டில் என்ன வேலை பார்த்தாய்?" என்று கேட்கும் நேரம் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் வாய்ப்பதில்லை; கேட்டாலும் "ஷிப்யார்டு" என்ற ஒரு சொல்லுக்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது. தூசி வேலைக்குப் போனால் வெல்லம் தின்ன வேண்டும், அது நுரையீரலில் உள்ளதை இழுத்து வந்துவிடும் என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். வெல்டிங் புகைக்குப் பால் நல்லது என்பார்கள். இவை எந்தத் தூசியையும் வெளியேற்றுவதில்லை. ஆனால் உடலைப் பற்றி அவருக்குக் கிடைத்த ஒரே அறிவுரை அதுவாக இருக்கும்போது அவரைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்பதை நான் ஓரளவு அறிவேன். இந்தத் தாள் நாளை எங்களுக்கு எதிரான சாட்சியமாகாதா என்பது முதல் கவலை. ஆகலாம். அளவைகள் மறைத்து வைப்பதற்காக எடுக்கப்பட்டவை அல்ல என்றால் அந்த அச்சத்துக்கு இவ்வளவு இடம் தர வேண்டியதில்லை. மேலும், காற்றை உள்ளே ஊதும் பிளோவரையும் புகை உறிஞ்சும் குழாயையும் ஒழுங்காக வைத்து, எண்களை வரம்புக்குக் கீழே வைத்திருந்த பட்டறைக்கு இதே தாள்தான் சான்று. அதே தொழிலாளி பின்னர் வேறெங்கோ பெற்ற நோய்க்கு உங்களைச் சுட்டினால், உங்கள் பக்கம் பேச வேறு என்ன இருக்கிறது? எல்லாரையும் அளப்பதில்லையே, எப்படித் தனி ஆளுக்கு எழுதித் தருவது என்பது இரண்டாவது கேள்வி, நியாயமானது. ஒரே மாதிரி வேலை செய்யும் குழுவில் சிலரை அளந்து மற்றவர்க்கும் பொருத்துவதே எங்கள் முறை. அதையே உள்ளது உள்ளபடி எழுதலாம்: இந்த ஆண்டில், இந்த வேலைக்குழுவில், இத்தனை பேரை அளந்தோம், குறைந்த அளவு இது, கூடிய அளவு இது. மருத்துவருக்கு அது போதும். எண்களைப் பார்த்துத் தொழிலாளர்கள் பீதியடைவார்கள் என்பதை மட்டும் நான் ஒரு வாதமாகவே ஏற்க மாட்டேன். பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்கி, கடல் தாண்டி வந்து, இரவுப் பணியும் பார்த்துப் பணம் அனுப்பும் ஒருவர் தம் மூச்சைப் பற்றிய ஓர் எண்ணைத் தாங்க மாட்டாரா?

இது வேறெங்கும் இல்லாத வழக்கமும் அல்ல. அமெரிக்காவில் தொழிலாளியின் வெளிப்பாட்டு அளவைகளை 30 ஆண்டுகளும், மருத்துவப் பதிவுகளை வேலைக்காலத்துக்கு மேல் 30 ஆண்டுகளும் காக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும். பிரிட்டனில் ஆபத்தான பொருள்களோடு வேலை செய்பவரின் உடல்நலப் பதிவுக்கு 40 ஆண்டுகள். இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வு பெற்றோ வேலையை விட்டோ 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க ஆணையிட்டது. இவை அனைத்தும் பதிவு நிறுவனத்தின் அலமாரியில் இருக்கும் என்று கருதியவை. நம் தொழிலாளியோ அலமாரியிலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருப்பார். ஆளமர்த்திய நிறுவனம் அதற்குள் கலைக்கப்பட்டும் இருக்கலாம். ஆகவே சட்டம் இன்று எதைக் கட்டாயமாக்குகிறது என்பதோடு நின்றுவிடாமல், பிரதி ஒன்றை அவர் கையிலேயே கொடுப்பதுதான் நடைமுறைக்கு உகந்த வழி என்கிறேன்.

தாள் நீளமாக இருக்க வேண்டியதில்லை; ஒரு பக்கம் போதும். பெயர், வேலை அனுமதிக் காலம், வேலை செய்த இடங்கள், ஆபத்துப் பொருள்களும் அளவைகளும், கொடுக்கப்பட்ட சுவாசக் கவசத்தின் வகை, அது அவர் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த நாள், வேலையில் சேர்ந்தபோதும் விலகும்போதும் எடுத்த செவித்திறன், நுரையீரல் சோதனைகளின் முடிவு. முகப்பொருத்தச் சோதனைக்கான வரி பல தாள்களில் காலியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலியாக இருப்பது எழுத்தில் தெரிவதும் நல்லதே. அந்த வரியை நிரப்ப வேண்டியிருப்பதாலேயே சில பட்டறைகள் சோதனையைத் தொடங்கக்கூடும். மருத்துவ முடிவுகள் மட்டும் உறையில் ஒட்டப்பட்டு அவரிடம் நேரே போக வேண்டும்; மேற்பார்வையாளர் வழியாகப் போகக் கூடாது. இருமலைச் சொன்னால் பெர்மிட் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற அச்சம் தங்கும் விடுதிகளில் எவ்வளவு ஆழமானது என்பதை நீங்கள் உணர்ந்தால் இதன் காரணம் விளங்கும்.

துணை ஒப்பந்த உரிமையாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்களில் பலர் இதே பட்டறைகளில் வெல்டராகவும் ஃபிட்டராகவும் தொடங்கியவர்கள். என்னைவிடத் தொட்டியின் உட்புறத்தை நன்கு அறிந்தவர்கள். அளவைகள் எடுப்பது முதன்மைப் பட்டறையின் வேலை, உங்களுக்கு அறிக்கையின் பிரதிகூட வருவதில்லை என்பதும் உண்மை. எனவே ஒப்பந்தம் எழுதும்போதே, உங்கள் ஆள்களைப் பற்றிய அளவைகள் உங்களுக்கும் தரப்பட வேண்டும் என்ற வரியைச் சேர்க்கக் கேளுங்கள். கேட்பவர் ஒருவராக இருந்தால் மறுப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் மறுப்பது கடினம்.

எல்லாத் தொழிலாளருக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிளாஸ்டிங் வீசுகிறவர்கள், கசடு அள்ளுகிறவர்கள், தொட்டிக்குள் வெல்டிங் செய்பவர்கள், தெளிப்பு முறையில் பூச்சு அடிப்பவர்கள் ஆகிய நான்கு குழுக்களோடு அடுத்த அனுமதிப் புதுப்பிப்புச் சுற்றிலிருந்து தொடங்கலாம். இவர்களுக்கான அளவைகள் பெரும்பாலான பட்டறைகளில் ஏற்கெனவே கோப்பில் உள்ளன. புதிதாகச் செலவு செய்ய வேண்டியது அச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் மட்டுமே. தமிழ்ப் படிவத்தை நானே எழுதித் தருகிறேன். வங்காளம், பர்மியம், சீனம் ஆகிய மொழிகளுக்கு உங்கள் தொழிலாளரிலேயே படித்தவர்கள் உண்டு. படிவத்தின் அடியில், அதைப் படிக்கப்போகும் ஊர் மருத்துவருக்கென்று ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: இவர் இந்தத் தூசிகளில் இத்தனை ஆண்டுகள் வேலை செய்தவர், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் காசநோய்க்கான சளிச் சோதனையோடு தொழில்சார் நுரையீரல் நோயையும் கருத்தில் கொள்ளவும்.

இப்படிக்கு,
கப்பல் பட்டறைகளில் பணியாற்றும் தொழில்சார் சுகாதார வல்லுநர் ஒருவர்,
சிங்கப்பூர்.